ஹிட்லரின் கொலைகளுக்கு சட்ட நியாயம் எழுதிய பேராசிரியர்... யார் இந்த கார்ல் ஷ்மிட்?

1934-ம் ஆண்டு ஜூன் 30. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஒன்றரை வருடம்கூட முடியவில்லை. அன்று தொடங்கி மூன்று நாட்களுக்குள் ஜெர்மனியில் குறைந்தது 85 பேர் கொல்லப்பட்டார்கள். வாரண்ட் கிடையாது, விசாரணை கிடையாது, தீர்ப்பும் கிடையாது. இறந்தவர்களில் நாஜி கட்சியின் சொந்த அடியாள் படைத் தலைவர்கள் இருந்தார்கள். ஹிட்லருக்கு முன்பு சான்சலராக, அதாவது பிரதமராக இருந்த ஷ்லைஹரும் அவருடைய மனைவியும் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 1-ம் தேதி, ஜெர்மன் வழக்கறிஞர்கள் படிக்கும் முக்கியமான சட்ட இதழில் ஒரு கட்டுரை வெளியானது. நாட்டுக்கு ஆபத்து வந்தபோது தலைவர் நேரடியாக நீதி வழங்கினார், அது சட்டத்துக்கு எதிரானது இல்லை, சட்டமே அதுதான் என்பது அந்தக் கட்டுரையின் சாரம்.

எழுதியவர் ஏதோ ஒரு கட்சிப் பேச்சாளர் இல்லை. எதிர்க் கருத்து கொண்டவர்களே மதித்த, ஜெர்மனியின் மிகச் சிறந்த அரசியலமைப்புச் சட்ட அறிஞர்களில் ஒருவர். பெயர் கார்ல் ஷ்மிட்.

அவர் இறந்து 40 வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் உலகத்தில் எங்கே எமர்ஜென்சி, தடுப்புக் காவல், எதேச்சதிகாரம் என்று பேச்சு வந்தாலும் அவர் பெயரும் கூடவே வந்துவிடுகிறது. நம்ம நாட்டின் மிகப் பிரபலமான அரசியலமைப்பு வழக்கு ஒன்றின் பின்னணியிலும் அவருடைய யோசனை ஒன்று இருக்கிறது. யார் இவர்? என்ன சொன்னார்? ஏன் இப்படி ஆனார்? பார்க்கலாம்.

சின்ன ஊர், பெரிய படிப்பு

கார்ல் ஷ்மிட் பிறந்தது 1888 ஜூலை 11. ஊர், மேற்கு ஜெர்மனியின் மலைப்பகுதியில் இருக்கும் பிளெட்டன்பெர்க். புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் அதிகமாக இருந்த ஊரில் கத்தோலிக்கக் குடும்பம். பெரிய வசதியெல்லாம் இல்லை. ஆனா பையன் படிப்பில் கெட்டி. பெர்லின், மியூனிக், ஸ்ட்ராஸ்பர்க் என மூன்று பல்கலைக்கழகங்களில் சட்டம் படித்து, 1910-லேயே டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார்.

முதல் உலகப் போர் வந்தது. ஷ்மிட்டுக்கு மியூனிக்கில் ராணுவ அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அங்கே அவர் தினமும் பார்த்தது போர்க்களத்தை அல்ல, போர்க்காலச் சட்டத்தை. பத்திரிகைத் தணிக்கை, கட்டுப்பாடுகள், தடை உத்தரவுகள். சாதாரண நாட்களில் ஒரு அரசு செய்ய முடியாத காரியங்களை எல்லாம், போர் என்ற ஒரே வார்த்தையைச் சொல்லி செய்ய முடிகிறது என்பதை ஒரு சட்டப் படிப்பாளியின் கண்ணோடு பக்கத்தில் இருந்தே பார்த்தார்.

1918-ல் ஜெர்மனி தோற்றது. மன்னர் ஓடிப்போனார். மியூனிக்கில் புரட்சி வெடித்து, சில வாரங்கள் சோவியத் பாணி ஆட்சி நடந்து, அதையும் படை வந்து ரத்தக்களறியாக அடக்கியது. நேற்று வரை அசைக்கவே முடியாது என்று இருந்த ஒரு அரசு, ஒரே வாரத்தில் காணாமல் போவதைப் பார்த்த தலைமுறை அது. அரசு என்பது எவ்வளவு சீக்கிரம் உடையக்கூடியது என்ற அந்தப் பயம் ஷ்மிட்டை கடைசி வரை விடவில்லை.

வைமார் சட்டத்தில் இருந்த 48-வது பிரிவு

1919-ல் ஜெர்மனிக்குக் குடியரசு அரசியலமைப்பு வந்தது. வைமார் என்ற ஊரில் கூடி எழுதியதால் அந்தக் குடியரசுக்கே வைமார் குடியரசு என்று பெயர் வந்தது. பெண்களுக்கும் வாக்குரிமை, அடிப்படை உரிமைகள், தொழிலாளர் உரிமைகள் என்று அந்தக் காலத்துக்கு ரொம்பவே முற்போக்கான அரசியலமைப்பு.

ஆனா அதில் 48-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. பொது ஒழுங்குக்கும் பாதுகாப்புக்கும் கடுமையான ஆபத்து வந்தால், குடியரசுத் தலைவர் ராணுவத்தை இறக்கலாம். பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, வீட்டுக்குள் போலீஸ் நுழையாமல் இருக்கும் உரிமை என்று ஏழு அடிப்படை உரிமைகளை நிறுத்தி வைக்கலாம். நாடாளுமன்றம் வேண்டாம் என்று சொன்னால் ஆணையைத் திரும்பப் பெற வேண்டும். இது ஒரு பூட்டு. ஆனா நாடாளுமன்றத்தையே கலைக்கும் அதிகாரமும் இன்னொரு பிரிவில் அதே குடியரசுத் தலைவரிடம் இருந்தது. அதாவது பூட்டும் சாவியும் ஒரே ஆளிடம்.

1930-ல் இது அப்படியே நடந்தது. சான்சலர் புரூனிங் கொண்டுவந்த அவசர ஆணையை நாடாளுமன்றம் ஜூலை மாதம் நிராகரித்தது. அதே நாளில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது, ஆணை மறுபடி வந்தது. செப்டம்பரில் தேர்தல். அதுவரை வெறும் 12 இடங்கள் வைத்திருந்த நாஜி கட்சி 107 இடங்களைப் பிடித்தது. அதற்குப் பிறகு சட்டம் போடுவது என்பதே கிட்டத்தட்ட அவசர ஆணை என்றாகிவிட்டது. 1932-ம் ஆண்டு முழுவதும் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள் 5. அவசர ஆணைகளோ அதைப்போல 10 மடங்குக்கும் மேல்.

இந்த 48-வது பிரிவைத்தான் ஷ்மிட் தன் வாழ்நாள் பாடமாக எடுத்துக்கொண்டார்.

இறையாண்மை யார் கையில்?

இறையாண்மை என்ற வார்த்தையை நாம் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே படித்திருப்போம். ஒரு நாட்டில் யாருக்கும் கட்டுப்படாத உச்ச அதிகாரம். 16-ம் நூற்றாண்டில் பிரான்ஸின் ஜான் போதன் அதற்கு இலக்கணம் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் தாமஸ் ஹாப்ஸ், மனிதர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு பெரிய அதிகாரம் தேவை என்றார். பிறகு வந்த காலம், அந்த அதிகாரத்தை மக்கள் கையிலும் சட்டத்தின் கையிலும் கொடுத்துவிட்டோம் என்று நம்பியது.

ஷ்மிட் 1922-ல் எழுதிய அரசியல் இறையியல் என்ற சின்னப் புத்தகத்தில் இந்த நம்பிக்கையைத்தான் கேள்வி கேட்டார். சட்டப் புத்தகத்தில் மக்கள்தான் எஜமானர் என்று எழுதியிருக்கலாம். ஆனா நாட்டில் இப்போது எமர்ஜென்சி என்று அறிவிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள், உண்மையான எஜமானர் அவர்தான் என்பது அவர் வாதம்.

கொஞ்சம் யோசித்தால் இதில் இருக்கும் சிக்கல் புரியும். எந்தச் சட்டமும் சாதாரண நிலைமையை மனதில் வைத்துத்தான் எழுதப்படுகிறது. என்னென்ன ஆபத்து வரும், எப்போது வரும், அப்போது என்னென்ன செய்ய வேண்டும் என்று முழுப் பட்டியல் போட யாராலும் முடியாது. ஆகவே எங்கோ ஒரு இடத்தில், இது சாதாரண நிலைமை இல்லை என்று ஒரு மனிதர் முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவைச் சட்டம் எடுக்காது. ஆள்தான் எடுப்பார். கடவுளின் இடத்தில் மன்னர், மன்னரின் இடத்தில் அரசு, அற்புதத்தின் இடத்தில் அவசரநிலை என்று மதத்தோடு ஒப்பிட்டும் அவர் விளக்கினார்.

அதற்கு ஒரு வருடம் முன்பு வந்த சர்வாதிகாரம் என்ற புத்தகத்தில் அவர் ஒரு முக்கியமான கோடு போட்டிருந்தார். பண்டைய ரோமில் ஆபத்துக் காலத்தில் ஒரு சர்வாதிகாரியை நியமிப்பார்கள். அதிகபட்சம் ஆறு மாதம். குடியரசைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். இது ஒரு வகை. பழைய ஒழுங்கையே தூக்கிப் போட்டுவிட்டு புதிதாக ஒன்றை உருவாக்குவது இன்னொரு வகை. முதல் வகை ஆள் எப்போது இரண்டாவது வகை ஆளாக மாறுவார்? அந்த நேரத்தில் தடுக்கப்போவது யார்? இந்தக் கேள்விக்கு ஜெர்மனியே 12 வருடம் கழித்து விலை கொடுத்தது.

நண்பன், எதிரி

1927-ல் ஷ்மிட் இன்னொரு கருத்தை வைத்தார். ஒழுக்கத்துக்கு நல்லது கெட்டது, கலைக்கு அழகு அசிங்கம் என்று இருப்பது போல, அரசியலுக்கு என்று ஒரு பிரிவினை உண்டு. அது நண்பன், எதிரி என்பது. ஒரு கூட்டம் யாரைத் தன் எதிரி என்று முடிவு செய்கிறதோ, தேவைப்பட்டால் உயிரைக் கொடுத்தும் எடுத்தும் மோதத் தயாராகிறதோ, அங்கேதான் அரசியல் தொடங்குகிறது என்றார்.

இதோடு அவர் நாடாளுமன்றத்தின் மீதும் கடுமையாக விமர்சனம் வைத்திருந்தார். மேடையில் நடக்கும் விவாதம் வெறும் காட்சி, முடிவெல்லாம் கட்சிகளின் மூடிய அறைக்குள் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிடுகிறது என்றார். இதைப் படிக்கும் யாருக்கும், சரிதானே என்று தலையாட்டத் தோன்றும். ஷ்மிட்டின் எழுத்தில் இருக்கும் பலமே இதுதான். நோயை அவர் சரியாகச் சொல்வார். மருந்துதான் விஷம். நாடாளுமன்றம் சரியில்லை என்றால் அதைச் சரிசெய்வோம் என்று அவர் போகவில்லை. ஒரே மாதிரியான மக்கள், அவர்கள் கைதட்டி ஏற்றுக்கொள்ளும் ஒரு வலுவான தலைவர், அதுவும் ஜனநாயகம்தான் என்று போனார். ஒரே மாதிரி இல்லாதவர்கள் என்ன ஆவார்கள் என்ற கேள்விக்கு அவருடைய புத்தகத்தில் நல்ல பதில் இல்லை.

அரசியலமைப்புக்குக் காவலர் யார்?

ஷ்மிட்டுக்குச் சரிசமமாக நின்று பதில் சொன்னவர் ஹான்ஸ் கெல்சன். 1920-ம் ஆண்டின் ஆஸ்திரிய அரசியலமைப்பை உருவாக்கியதில் முக்கியப் பங்கு அவருடையது. யூதக் குடும்பத்தில் பிறந்தவர்.

1931-ல் இருவருக்கும் நடந்த விவாதம் சட்ட மாணவர்கள் இன்றும் படிப்பது. அரசியலமைப்பைக் காப்பாற்றுவது யார் வேலை? நீதிமன்றம் அரசியல் முடிவெடுக்க முடியாது, மொத்த மக்களாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசுத் தலைவர்தான் காவலர் என்றார் ஷ்மிட். அரசியலமைப்பை மீறும் வாய்ப்பு அதிகம் இருப்பதே அதிகாரத்தில் இருப்பவருக்குத்தான், அவரையே காவலுக்கு வைத்தால் எப்படி என்று கேட்டார் கெல்சன். அதற்கென்று தனி நீதிமன்றம் வேண்டும் என்பது அவர் தரப்பு.

புத்தகத்தில் நடந்த இந்தச் சண்டை அடுத்த வருடமே கோர்ட்டுக்கு வந்தது. 1932 ஜூலை 20-ம் தேதி சான்சலர் பாப்பன், 48-வது பிரிவைப் பயன்படுத்தி பிரஷ்ய மாநில அரசை நீக்கினார். பிரஷ்யா என்றால் சின்ன மாநிலம் இல்லை. ஜெர்மனியின் பாதிக்கு மேல் அதுதான். பெர்லினும் அதில்தான் இருந்தது. சமூக ஜனநாயகக் கட்சியின் கோட்டை, பெரிய போலீஸ் படையும் அவர்கள் கையில். மாநில அரசை மத்திய அரசு கலைப்பது என்றால் என்ன என்று நம்ம வாசகர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பிரஷ்யா லைப்சிக்கில் இருந்த அரசு நீதிமன்றத்துக்குப் போனது. மத்திய அரசுக்காக வாதாடிய பேராசிரியர்களில் ஒருவர் ஷ்மிட். அக்டோபர் 25-ம் தேதி வந்த தீர்ப்பு இரண்டு பக்கமும் சாய்ந்தது. பழைய அரசு பெயரளவில் தொடரலாம், ஆனா அதிகாரம் மத்திய அரசு நியமித்தவரிடம் இருக்கும். பெயர் ஒருவரிடம், போலீஸ் இன்னொருவரிடம். மூன்று மாதம் கழித்து ஹிட்லர் சான்சலரானபோது பிரஷ்யாவின் போலீஸ் படையைக் கைப்பற்ற நாஜிகள் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அது ஏற்கெனவே பெர்லின் மத்திய அரசின் கையில் இருந்தது. ஹெர்மன் கோரிங் போய் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 1932 வரை ஷ்மிட் நாஜி ஆதரவாளர் இல்லை. உள்ளே நுழைந்ததும் மற்றவர்களுக்குக் கதவைச் சாத்திவிடும் ஒரு கட்சிக்கு, ஆட்சிக்கு வரும் சம வாய்ப்பைக் கொடுக்கக் கூடாது என்று அந்த வருடம்தான் எழுதினார். ஷ்லைஹரின் வட்டாரத்தோடு அவருக்கு நெருக்கம் இருந்தது. ஆபத்து எது என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது.

1933: ஒரு கையெழுத்து போடாத பேராசிரியர்

1933 பிப்ரவரி 27 இரவு ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. மறுநாளே குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க், 48-வது பிரிவின் கீழ் ஒரு ஆணையில் கையெழுத்துப் போட்டார். அடிப்படை உரிமைகள் நிறுத்தப்பட்டன. தற்காலிகம் என்று சொல்லப்பட்ட அந்த ஆணை, 1945-ல் நாஜி ஆட்சி விழும் வரை திரும்பப் பெறப்படவே இல்லை.

மார்ச் 23-ம் தேதி, நாடாளுமன்றம் இல்லாமலே அமைச்சரவை சட்டம் போடலாம் என்ற அதிகாரமளிப்புச் சட்டம் வந்தது. ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்தது சமூக ஜனநாயகக் கட்சி மட்டுமே. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவிலோ இருந்தார்கள்.

ஷ்மிட் உடனே பக்கம் மாறினார். புதிய சட்டத்தை விளக்கியும் பாராட்டியும் எழுதினார். மாநிலங்களை மத்திய அரசின் கீழ் கொண்டுவரும் சட்டத்தைத் தயாரிப்பதில் உதவினார். மே 1-ம் தேதி நாஜி கட்சியில் உறுப்பினரானார். ஜூலையில் கோரிங் அவருக்குப் பிரஷ்ய அரசு ஆலோசகர் பதவி கொடுத்தார். பிறகு பெர்லின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி.

இந்த நேரத்தில் நடந்த ஒரு சின்னச் சம்பவம் அவரைப் பற்றி நிறைய சொல்கிறது. அந்த வருடம்தான் அவர் கொலோன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தார். சட்டத் துறையின் தலைவர் வேறு யாரும் இல்லை, ஹான்ஸ் கெல்சன். தன்னைக் கடுமையாக எதிர்த்து எழுதியவர் என்று தெரிந்தும், ஷ்மிட் அங்கே வருவதற்கு கெல்சன் ஆதரவு கொடுத்தார். ஏப்ரலில் யூத வம்சாவளி அரசு ஊழியர்களை நீக்கும் சட்டம் வந்தது. கெல்சன் தன் வேலை போனதைப் பத்திரிகை பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அவரை விட்டுவிடுங்கள் என்று சட்டத் துறைப் பேராசிரியர்கள் ஒரு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதில் கையெழுத்துப் போட மறுத்த ஒரே சக பேராசிரியர் ஷ்மிட்.

அதற்கு ஐந்தே வருடம் முன்பு, தன் மிகப் பெரிய புத்தகமான அரசியலமைப்புக் கோட்பாட்டை, முதல் உலகப் போரில் இறந்துபோன தன் யூத நண்பர் ஃபிரிட்ஸ் ஐஸ்லருக்குக் காணிக்கையாக்கியிருந்தார் அதே ஷ்மிட்.

கொலைக்குப் பிறகு வந்த சட்டம்

இப்போது 1934 ஜூன் 30-க்கு வருவோம். கொலைகள் முடிந்த மறுநாள், ஜூலை 3-ம் தேதி, அமைச்சரவை ஒரே ஒரு பிரிவு கொண்ட சட்டம் போட்டது. அந்த மூன்று நாட்களில் எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் அரசின் தற்காப்பு, ஆகவே சட்டப்படி சரி என்றது அது. ஜூலை 13-ம் தேதி நாடாளுமன்றத்தில் பேசிய ஹிட்லர், அந்த நேரத்தில் ஜெர்மன் மக்களின் உச்ச நீதிபதி தானே என்றார்.

அந்தப் பேச்சுக்குத்தான் ஷ்மிட் உரை எழுதினார், அதுவும் அவரே ஆசிரியராக இருந்த இதழில். தலைவர் சட்டத்தைக் காக்கிறார் என்பது தலைப்பு. தலைவராக இருப்பதிலேயே நீதிபதியாக இருப்பதும் அடக்கம், இரண்டையும் பிரிக்க நினைப்பவர்கள் அரசையே பிரிக்க நினைக்கிறார்கள் என்று வாதாடினார். கொல்லப்பட்ட ஷ்லைஹர் அவருக்குப் பழக்கமானவர். தன் தலை போகும் என்ற பயத்தில் எழுதினார் என்று சொல்பவர்கள் உண்டு. தலைவர் உத்தரவு இல்லாமல் நடந்த கொலைகளைத் தண்டிக்க வேண்டும் என்று அதே கட்டுரையில் ஒரு வரி இருப்பதையும் அவர்கள் காட்டுகிறார்கள். ஆனா உத்தரவு இருந்தால் போதும் என்று ஒரு சட்ட அறிஞர் ஒப்புக்கொண்ட பிறகு, மற்றவர்களின் உயிருக்கு அந்த ஒரு வரி எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை. கட்டுரை வந்த மறுநாள் ஹிண்டன்பர்க் இறந்தார். குடியரசுத் தலைவர் பதவியையும் ஹிட்லரே எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு இறக்கம்தான். 1935-ல் யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நூரம்பெர்க் சட்டங்களைப் புகழ்ந்து எழுதினார். 1936 அக்டோபரில் சட்டத் துறையில் யூதர்கள் என்ற தலைப்பில் மாநாடு கூட்டி, யூத ஆசிரியர்களின் நூல்களை மேற்கோள் காட்டினால் அவர் யூதர் என்று அடையாளம் போட வேண்டும் என்றார்.

இவ்வளவு செய்தும் பதவி நிலைக்கவில்லை. அதே வருடம் டிசம்பரில் எஸ்.எஸ். படையின் வார இதழ் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டது. இவர் பழைய கத்தோலிக்க அரசியல்காரர், யூத நண்பர்கள் உள்ளவர், இவருடைய யூத வெறுப்பே பதவிக்காகப் போட்ட வேஷம் என்று எழுதியது. கட்சிப் பதவிகள் எல்லாம் போயின. கோரிங் பார்த்துக்கொண்டதால் பேராசிரியர் வேலை தப்பியது. யார் எதிரி என்பதை மேலே இருப்பவர் முடிவு செய்வார் என்று எழுதியவரையே, மேலே இருப்பவர்கள் சந்தேகப் பட்டியலில் வைத்தார்கள். அப்போது எதிர்த்துக் கேட்க அவருக்கு எந்தச் சட்டமும் மிச்சம் இல்லை.

விசாரணை, ஊர் திரும்பல்

போர் முடிந்ததும் 1945-ல் அமெரிக்கப் படை ஷ்மிட்டைக் கைது செய்து, ஒரு வருடத்துக்கு மேல் முகாம்களில் வைத்திருந்தது. 1947-ல் மறுபடி பிடித்து நூரம்பெர்க்குக் கொண்டுபோனார்கள். விசாரித்தவர் ராபர்ட் கெம்ப்னர். 1932-ல் எந்த பிரஷ்ய அரசை நீக்கியது சரி என்று ஷ்மிட் வாதாடினாரோ, அதே அரசின் உள்துறையில் வேலை பார்த்த யூத வழக்கறிஞர். நாஜிகளால் விரட்டப்பட்டு, அமெரிக்க அரசு வழக்கறிஞராகத் திரும்பி வந்திருந்தார்.

புத்தகம் எழுதியதற்காகக் குற்றம் சாட்ட முடியுமா? எழுத்துக்கும் கொலைக்கும் நடுவே சட்டப்படி கோடு இழுக்க முடியவில்லை. வழக்கு எதுவும் போடாமல் சில வாரங்களில் விட்டுவிட்டார்கள்.

நாஜி ஆட்சியில் என்ன செய்தீர்கள் என்று கணக்குக் கொடுக்கும் நடைமுறைக்கு அவர் உட்பட மறுத்தார். அதனால் எந்தப் பல்கலைக்கழகத்திலும் மறுபடி வேலை கிடைக்கவில்லை. பிளெட்டன்பெர்க்கிற்கே திரும்பிப் போனார். பதவியிழந்த மாக்கியவெல்லி ஒதுங்கி வாழ்ந்த ஊரின் நினைவாக, தன் வீட்டுக்கு சான் காசியானோ என்று பெயர் வைத்தார். தன்னைக் காலத்தால் பாதிக்கப்பட்டவராகவே பார்த்தார். செய்ததற்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்கவே இல்லை. 1985 ஏப்ரல் 7, ஈஸ்டர் ஞாயிறு அன்று 96 வயதில் இறந்தார்.

இந்தியாவுக்கு என்ன சம்பந்தம்?

அவசரநிலையின்போது அடிப்படை உரிமைகளை நிறுத்தி வைக்கும் யோசனை இந்திய அரசியலமைப்புக்கு வைமாரில் இருந்து வந்தது என்று சட்டப் பாடநூல்கள் சொல்கின்றன. 1949-ல் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் இதை எதிர்த்துப் பேசினார். ஹிட்லர் எந்தப் பிரிவு வழியாக உள்ளே வந்தார் என்று சுட்டிக்காட்டி எச்சரித்தார். ஆனா அந்தப் பிரிவுகள் நிறைவேறின.

வைமாரில் இருந்து வந்தது அது மட்டும் இல்லை. ஷ்மிட் 1928-ல் எழுதிய அரசியலமைப்புக் கோட்பாட்டில் இன்னொரு வாதம் இருந்தது. அரசியலமைப்பைத் திருத்தலாம், ஆனா திருத்தம் என்ற பெயரில் அதன் அடிப்படையையே அழிக்க முடியாது என்பது அது. அவர் இதை 1933-ல் தானே கைவிட்டார். ஆனா நாஜி ஆட்சியில் அடிபட்ட ஜெர்மனி, 1949-ல் எழுதிய புதிய அரசியலமைப்பில் மனித கண்ணியத்தையும் ஜனநாயகத்தையும் கூட்டாட்சியையும் எந்தத் திருத்தத்தாலும் தொட முடியாது என்று எழுதிவைத்தது. கெல்சன் கேட்டது போல ஒரு அரசியலமைப்பு நீதிமன்றத்தையும் அமைத்தது.

1965-ல் டீட்ரிச் கான்ராட் என்ற ஜெர்மன் சட்ட அறிஞர் காசியில், பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் இந்த வாதத்தை உரையாக வைத்தார். வைமார் எப்படி விழுந்தது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வழக்கறிஞர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1973 ஏப்ரல் 24-ம் தேதி, கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்வு, 7-க்கு 6 என்ற கணக்கில் தீர்ப்பு சொன்னது. நாடாளுமன்றத்தால் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது. அந்தப் பெரும்பான்மையை முடிவு செய்தவர் நீதிபதி எச்.ஆர்.கன்னா. தீர்ப்பில் கான்ராட்டின் எழுத்தையும் அவர் எடுத்துக்காட்டியிருந்தார்.

இரண்டு வருடத்தில் எமர்ஜென்சி வந்தது. விசாரணை இல்லாமல் சிறையில் இருந்தவர்கள் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் முன் வந்தது. தனிப்பட்ட பகையில் ஒரு போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றால்கூட இப்போது கோர்ட்டுக்கு வர முடியாதா என்று கன்னா கேட்டார். எமர்ஜென்சி இருக்கும்வரை முடியாது என்பதுதான் அரசுத் தலைமை வழக்கறிஞர் கொடுத்த பதில். 1976 ஏப்ரல் 28-ம் தேதி நான்கு நீதிபதிகள் அரசின் வாதத்தை ஏற்றார்கள். கன்னா மட்டும் ஏற்கவில்லை. உயிரும் சுதந்திரமும் அரசு கொடுத்த பிச்சை இல்லை, எடுத்துக்கொள்ள அதற்கு உரிமையும் இல்லை என்ற கருத்தில் தனித் தீர்ப்பு எழுதினார். 1977 ஜனவரியில் அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி, அவரைவிட ஜூனியரான நீதிபதிக்குப் போனது. கன்னா ராஜினாமா செய்தார்.

இன்னும் ஏன் படிக்கிறார்கள்?

2001-ல் அமெரிக்கா மீதான தாக்குதலுக்குப் பிறகு, விசாரணை இல்லாமல் ஆட்களை அடைத்து வைப்பது சரியா என்ற விவாதத்தில் ஷ்மிட்டின் பெயர் திரும்ப வந்தது. சீனாவில் வலுவான அரசு வேண்டும் என்று எழுதும் சட்ட அறிஞர்கள் அவரைப் படிக்கிறார்கள். இடதுசாரிகளும் படிக்கிறார்கள். எந்த அரசியலமைப்புக்குள்ளும் எமர்ஜென்சி என்ற கதவு ஒன்று இருக்கும், அதை யார் திறக்கிறார் என்று பாருங்கள் என்ற அவருடைய எச்சரிக்கை இன்றும் பொய்யாகவில்லை.

ஆனா கதவைத் திறப்பவர்தான் எஜமானர் என்று சொன்ன ஷ்மிட், அதை மூடச் சொல்ல யாருக்கு உரிமை உண்டு என்று கேட்கவில்லை. இந்தியா அதற்கு 1978-ல் ஒரு பதில் எழுதியது. 44-வது திருத்தத்தின்படி, உள்நாட்டுக் குழப்பம் என்ற பொத்தாம்பொதுவான காரணத்தைச் சொல்லி எமர்ஜென்சி கொண்டுவர முடியாது, போர், அந்நியத் தாக்குதல், ஆயுதக் கிளர்ச்சி என்று ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். அமைச்சரவை எழுத்து மூலம் பரிந்துரைக்க வேண்டும். எவ்வளவு பெரிய எமர்ஜென்சி வந்தாலும், உயிர் வாழும் உரிமையைத் தரும் 21-வது பிரிவுக்காகக் கோர்ட்டுக்குப் போவதைத் தடுக்க முடியாது.

1976-ல் தோற்றுப்போன கன்னாவின் தனித் தீர்ப்புதான் சரி என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-ல் சொன்னது. அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு ரத்தானது. அதற்கு 41 வருடம் ஆனது. கன்னா அப்போது உயிரோடு இல்லை.